காட்டு வாத்து கிரில் ஸ்டார்ட்டர்: பேக்கன் மொறுமொறுப்பாவதற்குள் கறி முற்றிவிடுகிறதே, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: கேட்டவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியிருக்கிறார்கள். வேட்டைக்குப் போகும் நண்பர் நான்கு மல்லார்டு, நான்கு டீல், இரண்டு ப்ளூபில் வாத்துகளின் நெஞ்சுக்கறியைத் தோலும் எலும்பும் நீக்கி, உறையவைத்துக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் வரும் விருந்துக்கு அதை கிரில்லில் ஸ்டார்ட்டராகச் செய்ய வேண்டும். போன தடவை செய்த 'டக் பாப்பர்' சொதப்பிவிட்டது. பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய, கொழுப்பு மிகுந்த பன்றிக்கறிப் பட்டை) சவசவ என்று இருந்தது, உள்ளே கறி ஈரல் மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

நேரக் கணக்கில்தான் தப்பு. கால் அங்குலத்துக்குத் தட்டிய வாத்துக்கறி நல்ல தணலில் நான்கைந்து நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும். அதைச் சுற்றியிருக்கும் பச்சைப் பேக்கன் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாக அதைப்போல மூன்று மடங்கு நேரம் கேட்கும். பேக்கனுக்காகக் காத்திருந்தால் கறி முற்றிவிடும்; கறியைப் பார்த்து எடுத்தால் பேக்கன் பச்சையாக நிற்கும். டெக்சாஸ், லூயிசியானா, ஆர்கன்சா பக்கம் வாத்து சீசனில் வீட்டுக்கு வீடு செய்யும் பண்டம் இந்த டக் பாப்பர். கறித்துண்டு, ஹாலபீனோ மிளகாய், கிரீம் சீஸ் மூன்றையும் பேக்கனில் சுற்றிப் பல்குச்சி குத்தி கிரில்லில் போடுவார்கள். செய்முறையைக் கேட்டால் எளிதாகத்தான் தோன்றும். ஆனால் வேகும் நேரம் வெவ்வேறான நான்கு பொருள்களை ஒரே உருண்டையாகக் கட்டியிருக்கிறோம். அந்த நான்கையும் ஒரே நிமிடத்தில் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் இதில் உள்ள வேலை.

வாத்து என்றதும் கோழியை நினைத்துக்கொள்வதில் முதல் சறுக்கல் தொடங்குகிறது. கோழி தரையில் நடக்கும் பறவை. அதன் நெஞ்சுத்தசைக்கு வேலை குறைவு, அதனால் வெள்ளைக்கறி. மல்லார்டோ டீலோ கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ வளைகுடாக் கரை வரை சிறகடித்தே வருகிறது. ஓயாமல் உழைக்கும் நெஞ்சுத்தசைக்குப் பிராணவாயுவைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் அதில் நிறைந்திருக்கும். கருஞ்சிவப்பு நிறம் அதனால் வருவது, அதற்குள் இருப்பது இரும்புச்சத்து. தசைக்குள் கொழுப்பு ஓடுவது மிகக் குறைவு. கறியைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாட்டின் தொடைக்கறி போலத்தான் தெரியும், அப்படித்தான் அதைச் சமைக்கவும் வேண்டும். உள்சூடு 130 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (இனி சொல்லும் டிகிரி எல்லாமே ஃபாரன்ஹீட்) நடுவில் ரோஜா நிறத்தோடு சாறு நிற்கும். 145 தாண்டினால் சாம்பல் நிறம் ஏறும். 155க்கு மேல் போனால் நீங்கள் சொன்ன அந்த ஈரல் வாடை வந்துவிடும். பறவை கெட்டுப்போனதால் வருவதல்ல அது. கொழுப்பில்லாத, இரும்புச்சத்து மிகுந்த கறியை முற்ற வேகவைத்தால் அப்படித்தான் ஆகும்.

இதே காரணத்தால் ஹோட்டல் சமையல்காரர்களின் வாத்து வீடியோக்கள் உங்களுக்கு உதவாது. அங்கே வருவது பெக்கின், மூலார்டு போன்ற பண்ணை வாத்து. அதற்கு விரல் தடிமனுக்குத் தோல்கொழுப்பு இருக்கும், அதை உருக்குவதே அங்கே பாதி வேலை. காட்டு வாத்தை அமெரிக்காவில் விற்கவே முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்காக நடந்த வேட்டையில் பறவைகள் அழிந்துகொண்டே போனதைப் பார்த்துத்தான் 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து காட்டு வாத்து வேட்டைக்காரர் வீட்டிலும் அவர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளிலும் மட்டுமே கிடைக்கும் கறி. அன்பளிப்பாகக் கைமாறும்போது வேட்டையாடியவரின் கையெழுத்து, முகவரி, இனம், எண்ணிக்கை, சுட்ட தேதி எழுதிய சீட்டு கூடவே இருக்க வேண்டும். நண்பர் தரவில்லை என்றால் கேட்டு வாங்கி, உறைபெட்டியில் அந்தப் பொட்டலத்தோடு வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் டெக்சாஸ் சதுப்பு நிலத்தில் இறங்கும் அதே இனங்கள்தான். ஆனால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை வேட்டையாடுவது குற்றம். இந்தப் பதில் சட்டப்படி சீசன் திறந்திருக்கும் ஊரில் உள்ளவர்களுக்கு மட்டும்.

எந்தச் சூட்டில் எடுப்பது

சமைக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. அமெரிக்க வேளாண் துறை எந்தப் பறவைக் கறியையும் 165 டிகிரி வரை வேகவைக்கச் சொல்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து அங்கே காட்டு நீர்ப்பறவைகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதால் இந்த அறிவுரைக்கு இப்போது கனம் கூடியிருக்கிறது. 165இல் அந்த வைரஸ் செத்துவிடும். மறுபக்கம், வேட்டைக்காரர் வீடுகளில் காலங்காலமாக 135இல் எடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள், கறியின் ருசியும் அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் யாராவது விருந்தில் இருந்தால் அவர்களுக்கு 165க்குக் கீழே எதையும் கொடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் மூன்று வகைக் கறியையும் மூன்று விதமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மல்லார்டு பாப்பருக்கு. டீல் கம்பியில் கோத்துச் சுடுவதற்கு. ப்ளூபில் கொத்துக்கறியாகி சீக் கபாபுக்கு. கபாபை 165 வரை கொண்டுபோனாலும் காயாது, ஏனென்றால் கொழுப்பை நாமே சேர்க்கிறோம். பாப்பரையும் 165 வரை கொண்டுபோகலாம். பேக்கன் கொழுப்பும் சீஸும் ஓரளவு காப்பாற்றும், கறி மட்டும் சாம்பல் நிறமாகி அழுத்தமாக இருக்கும். டீலுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, 165இல் அது செருப்புத் தோல்தான்.

பச்சைக்கறியைக் கையாளும்போது கையுறை போடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அலசாதீர்கள், தெறிக்கும் நீர்தான் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும். இதற்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி.

கறியைச் சுத்தம் செய்வது

பொட்டலத்தை முந்தின நாள் காலையிலேயே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாலைக்குள் இளகிவிடும். அப்போது ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கருநீலப் புள்ளியோ உறைந்த ரத்தத்தால் கறுத்த கோடோ தெரிந்தால் அது குண்டு போன வழி. அமெரிக்காவில் 1991இலிருந்து நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. பெரும்பாலும் எஃகுக் குண்டுதான் பயன்படுத்துகிறார்கள், மிளகு அளவுக்கு இருக்கும், கடித்தால் பல் உடையும். கூர்முனைக் கத்தியை அந்த ஓட்டைக்குள் விட்டு மெதுவாகத் திருகிப் பாருங்கள், 'டிக்' என்று தட்டுப்படும். குண்டு போகும்போது ஓர் இறகையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். நனைந்த நூல் மாதிரி கறிக்குள் சுருண்டு கிடக்கும் அந்த இறகைப் பலர் கவனிப்பதில்லை, வாயில் மாட்டும்போதுதான் தெரிகிறது. சிறிய, வலுவான காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கறிமேல் நகர்த்தினால் எஃகுக் குண்டு இருக்கும் இடத்தில் இழுக்கும். பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அதனால் என்ன குண்டு என்று நண்பரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தேடினாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். விருந்தினர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

வெட்டும்போது கறி நெடுக அரிசி மணிகளைப் பதித்ததுபோல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால், அது சார்க்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி. வேட்டைக்காரர்கள் 'அரிசி நெஞ்சு' என்பார்கள். நன்றாக வேகவைத்தால் மனிதருக்குத் தீங்கில்லை என்றாலும் விருந்துத் தட்டில் வைக்கும் கறியல்ல, அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்து கொழுப்பும் ஜவ்வும். கவுச்சி வாடை பெரும்பாலும் தசையில் இருப்பதில்லை, கொழுப்பில்தான் ஒளிந்திருக்கிறது. நெல்லும் புல்விதையும் தின்ற மல்லார்டின் கொழுப்பு வெளுத்து, வாசனை இல்லாமல் இருக்கும். உப்பங்கழியில் முழுகிச் சிப்பி தின்ற ப்ளூபில்லின் கொழுப்பு மஞ்சளாக, சில சமயம் ஆரஞ்சு நிறமாகவே இருக்கும். அதை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். நெஞ்சின் ஒரு பக்கம் வெள்ளிபோல மினுங்கும் ஜவ்வு இருக்கும். அதை விட்டுவைத்தால் சூடு பட்டதும் சுருங்கிக் கறியையே வில்லாக வளைத்துவிடும். கத்தியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, ஜவ்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் உரித்துவிடலாம்.

பிறகு உப்புநீர். மல்லார்டுக்கும் டீலுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர், 75 கிராம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை. உப்பை எடை போட்டு எடுங்கள், கரண்டியை நம்பாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் கோஷர் உப்பு பரல் பெரியது, அதே கரண்டியில் தூளுப்பைவிட எடை குறைவாகத்தான் நிற்கும், சில வகைகளில் பாதிதான். குளிர்பெட்டியிலேயே மல்லார்டு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், டீல் மூன்று மணி நேரம். தேங்கிய ரத்தம் இறங்கி நீர் செந்நிறமாகும், உப்பு உள்ளே போய்த் தசை சாற்றைப் பிடித்து வைக்கும். நேரத்தை நீட்டினால் கறி உப்புக்கண்டம் மாதிரி இறுகிவிடும். எடுத்தபின் பேப்பர் துண்டால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரத்தோடு கிரில்லில் வைத்தால் முதல் இரண்டு நிமிடம் கறி சுடாது, ஆவியில் அவியும்.

பாலில் ஊறவைக்கலாமா, மோரில் ஊறவைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ஓரளவு வாடை குறையும், ஆனால் கொழுப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டால் அதற்குத் தேவையே இருக்காது. பாட்டிலில் வரும் இத்தாலியன் சாலட் டிரெஸ்ஸிங்கில் இரவெல்லாம் ஊறவைக்கும் பழக்கம் டெக்சாஸில் ரொம்பப் பரவலானது. என் கருத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது. அதிலிருக்கும் வினிகர் கறியின் வெளிப்பக்கத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும், அப்புறம் எவ்வளவு சூட்டிலும் அது சிவக்காது. உப்புநீர் போட்டாயிற்று என்றால் சோயா சாஸிலும் ஊறவைக்காதீர்கள். பாப்பருக்குப் பேக்கனின் உப்பு வேறு வருகிறது.

மல்லார்டு பாப்பர்: 32 எண்ணிக்கை

நான்கு மல்லார்டுக்கு எட்டு அரைநெஞ்சுகள். ஒவ்வொன்றையும் கறி இழைக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்துப் பிடித்து நான்கு துண்டாக வெட்டுங்கள். நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டுவதுதான் பலர் செய்வது. அப்படி வெட்டினால் இழை முழு நீளத்துக்கு ஓடும், விருந்தினர் கடித்து இழுக்கும்போது கறி முழுவதும் பேக்கனுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்து, மிளகாயும் சீஸும் சட்டையில் விழும். கத்தியும் தட்டும் இல்லாமல் கையில் எடுத்துத் தின்னும் பண்டத்தில் இது முக்கியம். வெட்டிய துண்டுகளை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, கனமான வாணலியின் அடியால் கால் அங்குலத்துக்குத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கிழிந்துவிடும், அழுத்தித் தேய்த்தால் போதும்.

ஹாலபீனோ எட்டு. நெடுக நான்காகப் பிளந்து விதையையும் வெள்ளை நரம்பையும் வழித்தெடுங்கள். காரம் விதையில் இருப்பதாகத்தான் நம்புகிறோம், உண்மையில் அது அந்த வெள்ளை நரம்பில்தான் இருக்கிறது. பாதி மிளகாயாக வைப்பதைவிடக் கால் பாகம் மேல். பாதி மிளகாய் வைத்தால் கறி வெந்த பிறகும் அது பச்சையாக நறுக்கென்று நிற்கும். கிரீம் சீஸ் ஒரு கட்டி, 227 கிராம். அறைச் சூட்டுக்கு வந்தபின் அரைத் தேக்கரண்டி பூண்டுப் பொடி, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள் கலந்து மசித்துக்கொள்ளுங்கள். ஒரு பாப்பருக்கு ஏழு கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. ஆசைக்குக் கூட வைத்தால் அத்தனையும் வழிந்து தணலில்தான் விழும்.

பேக்கன் 16 பட்டை, சாதாரணத் தடிமன். ஒரு பவுண்டு பாக்கெட்டில் இது இருக்கும். தடித்த வெட்டு என்று போட்டதை வாங்காதீர்கள். போன தடவை நடந்த சொதப்பலுக்கு இங்கேதான் மருந்து: பேக்கனை முன்கூட்டியே பாதி வேகவைத்துவிடுங்கள். 400 டிகிரி ஓவனில் ஒரு தட்டில் பரப்பி ஆறிலிருந்து எட்டு நிமிடம். கொழுப்பின் வெள்ளை நிறம் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும், ஓரம் லேசாகச் சுருங்க வேண்டும், எடுத்துத் தொங்கவிட்டால் துணி மாதிரி வளைய வேண்டும். அதற்கு மேல் போனால் சுற்றும்போது முறிந்துவிடும். ஆறியதும் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் 32. பாதிக் கொழுப்பு ஓவன் தட்டிலேயே இறங்கிவிடுவதால் கிரில்லில் தீ பற்றி எரிவதும் பாதியாகக் குறையும்.

கட்டும் முறை: கறித்துண்டை விரித்து, மிளகாயின் குழியில் சீஸை நிரப்பி, சீஸ் பக்கம் கறியைப் பார்த்திருக்கும்படி வைத்து இறுக்கிச் சுருட்டுங்கள். மேலே பேக்கனை ஒரே ஒரு சுற்று, முனையில் ஓர் அங்குலம் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். இரண்டு சுற்று சுற்றினால் உள்சுற்றுக்குச் சூடே போகாது, வெள்ளையாக, வழவழவென்று நிற்கும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறிய பல்குச்சியை அந்த ஏறிய இடத்தில் குத்தி, மிளகாயைத் துளைத்து மறுபக்கம் வரச் செய்யுங்கள். மிளகாயில் பிடிக்காத குச்சி சூட்டில் கழன்றுவிடும்.

கட்டியதை எல்லாம் தட்டில் அடுக்கி இருபது நிமிடம் உறைபெட்டியில் வையுங்கள். இதை யாரும் தவிர்க்காதீர்கள். சீஸ் இறுகுவதால் வழியாது என்பது ஒரு பக்கம். நடுவில் குளிர் இருப்பதால் கறி வேகும் வேகம் குறைந்து, பேக்கனுக்கு இன்னும் நான்கு நிமிடம் கிடைப்பது அதைவிடப் பெரிய லாபம். அரைமணிக்கு மேல் வைத்தால் கறியும் உறையத் தொடங்கும், அப்புறம் கணக்கு மறுபடி தப்பும்.

கிரில்லில் தணல் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும். கரியென்றால் ஒரு சிம்னி (கரி மூட்டும் உருளை) நிறைய மூட்டி, சாம்பல் பூத்ததும் பாதி அடுப்பில் குவியுங்கள். காஸ் என்றால் ஓரத்து பர்னர் ஒன்று மட்டும் முழுதாக எரியட்டும். மூடியை மூடினால் உள்ளே 400 டிகிரி நிற்க வேண்டும். சூட்டைக் கையாலேயே பார்க்கலாம்: தணலுக்கு நேர்மேலே, கம்பி வலையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்கக் கூடாது.

பாப்பர்களைத் தணல் இல்லாத பக்கம், பேக்கன் ஏறிய இடம் அடியில் இருக்கும்படி அடுக்கி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்புங்கள், இன்னும் நான்கைந்து நிமிடம். அப்போது ஒன்றில் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில், கறிக்குள் நெடுகச் செருகிப் பாருங்கள். சீஸில் முனை பட்டால் எண் பொய் சொல்லும். 120 காட்டியதும் இடுக்கியால் எடுத்துத் தணலின்மேல் வைத்து, பக்கத்துக்கு முப்பது நாற்பது விநாடி உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள். தீ பற்றினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் கிளம்பிப் பாப்பரில் ஒட்டும். தணல் இல்லாத பக்கம் நகர்த்தினால் தானே அடங்கிவிடும். 132 வந்ததும் இறக்குங்கள், தட்டில் இருக்கும்போதே மேலும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். 165 வேண்டும் என்றால் தணல் இல்லாத பக்கமே இன்னும் சில நிமிடம் விட்டு, 160 ஆன பிறகு சிவக்க வைத்து, இறக்கும் முன் 165ஐக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இனிப்பு மெருகு பிடித்தால் ஆரஞ்சு மார்மலேடு மூன்று மேசைக்கரண்டியை ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், அரை எலுமிச்சைச் சாற்றோடு இளக்கி, கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். முன்னமே தடவினால் சர்க்கரை கருகிக் கசக்கும். பன்றி சாப்பிடாதவர்களுக்கு மாட்டு பேக்கன் நன்றாகவே ஒத்துவரும், அதையும் ஓவனில் நான்கு நிமிடம் காட்டிவிட்டுச் சுற்றுங்கள். வான்கோழி பேக்கனில் உருகக் கொழுப்பே இல்லை, அட்டை மாதிரி காய்ந்துவிடும்.

டீல்: மூன்று நிமிட வேலை

டீல் நெஞ்சுக்கறி சிறியது, மென்மையானது, சதுப்பு நிலப் பறவைகளில் இதைவிட ருசியான ஸ்டார்ட்டர் கிடையாது என்பது என் துணிபு. இதற்குச் சீஸும் வேண்டாம், பேக்கனும் வேண்டாம். எட்டுத் துண்டையும் வெட்டாமல் முழுதாகவே, இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகளில் இணையாகக் கோத்துவிடுங்கள். ஒற்றைக் கம்பியில் கோத்தால் கம்பியைத் திருப்பும்போது கறி திரும்பாமல் சுழலும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், இரண்டு தேக்கரண்டி கொரகொரப்பாக இடித்த மிளகு, நசுக்கிய பூண்டு மூன்று பல், இவ்வளவுதான் பூச்சு. மிளகை மாவாக அரைத்தால் தணலில் கருகும், கொரகொரப்பு கருகாது.

கரி நன்றாகக் கனன்றிருக்கும்போது நேராகத் தணல்மேல் வைத்து ஒரு பக்கம் தொண்ணூறு விநாடி, மறுபக்கம் ஒரு நிமிடம். மூடி போட வேண்டாம். விரலால் அழுத்தினால், கையைத் தளரவிட்டுப் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதையைத் தொட்டது போல லேசாக எதிர்க்க வேண்டும். கல் மாதிரி எதிர்த்தால் நேரம் கடந்துவிட்டது. இறக்கியதும் 30 கிராம் வெண்ணெயில் பத்துப் பன்னிரண்டு கறிவேப்பிலையைப் பொரித்து மேலே ஊற்றி, மூன்று நிமிடம் அப்படியே விட்டு, ஒவ்வொன்றையும் மூன்றாகச் சாய்த்து வெட்டி எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையை முன்பே சேர்த்து ஊறவைத்தால் இவ்வளவு மெல்லிய கறி வெளுத்துவிடும்.

செப்டம்பரில் திறக்கும் டீல் சீசன் வெயில் காலத்திலேயே வந்துவிடுகிறது. சுட்ட பறவையைப் படகில் வெயிலில் போட்டு வைத்திருந்தால் எந்த உப்புநீராலும் அந்த வாடையை எடுக்க முடியாது. பொட்டலத்தைப் பிரித்ததும் புளித்த நாற்றம் வந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

ப்ளூபில் சீக் கபாப்

ப்ளூபில் நெஞ்சுக்கறி நான்கு துண்டும் சேர்ந்து ஏறத்தாழ 340 கிராம் வரும். உப்புநீர் வேண்டாம். 85 கிராம் ஆட்டுக் கொழுப்பை (கசாப்புக் கடையில் கேட்டால் தருவார்கள்) கறியோடு சிறு துண்டாக வெட்டி, அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து, விறைத்த பிறகு அரையுங்கள். இளஞ்சூட்டில் அரைத்தால் கொழுப்பு பசையாகப் பூசிக்கொண்டு, கிரில்லில் மொத்தமாக ஒழுகிவிடும், கபாப் மணல் மாதிரி உதிரும். கொழுப்பை எடுத்துவிட்ட கறியில் கொழுப்பைச் சேர்ப்பதா என்றால், ஆம். வாடை அடித்த கொழுப்பை நீக்கி நல்ல கொழுப்பை வைக்கிறோம்.

ஆறு கிராம் உப்பு, இரண்டு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி கரம் மசாலா, பிழிந்து நீர் எடுத்த சின்ன வெங்காயப் பொடி நறுக்கு ஒரு கைப்பிடி, கொத்தமல்லித்தழை. பிணைப்புக்குக் கோலா உருண்டைக்குப் போடுவது போலப் பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி. ஒழுகும் கொழுப்பை அது பிடித்துக்கொள்ளும். கை ஒட்டும் வரை இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஒரு மணி நேரம் குளிரவைத்து, தட்டைக் கம்பிகளில் விரல் தடிமனுக்குப் பிடியுங்கள். பன்னிரண்டு வரும். வலையில் எண்ணெய் தடவி, தணல்மேல் நான்கு பக்கமும் திருப்பி எட்டிலிருந்து பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் கம்பியைத் தொடாதீர்கள். வெளிப்பக்கம் இறுகுமுன் திருப்பினால் பாதி வலையோடு போய்விடும். நடுவில் 165 பார்த்துத்தான் இறக்க வேண்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் போக வேண்டிய தட்டு இதுதான்.

விருந்தன்று வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். கரி கொழுந்துவிட்டு அடங்கி மிக உக்கிரமாக இருக்கும் முதல் பத்து நிமிடம் டீலுக்கு. அடுத்து கபாப். தணல் சற்றுத் தணிந்தபின் பாப்பர், அதுவும் ஒரே தடவையில் 32 அல்ல, பன்னிரண்டு பன்னிரண்டாக. உறைபெட்டியில் காத்திருக்கும் மற்ற தட்டுகளை அரைமணிக்குள் குளிர்பெட்டிக்கு இறக்கிவிடுங்கள். வெந்ததை ஃபாயிலில் மூடி வைக்காதீர்கள். ஆவி நின்று, இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய பேக்கன் பத்து நிமிடத்தில் சவசவத்துவிடும், கறியும் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். கம்பி வலை வைத்த தட்டில் திறந்தபடி வையுங்கள், சூடாக இருக்கும்போதே கைமாற்றுங்கள். மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் சுட வைக்க வேண்டாம், ஈரல் வாடை திரும்பி வந்துவிடும். குளிர்ந்தபடியே மெல்லியதாக அரிந்து, முட்டைப் பொரியலில் கடைசி அரை நிமிடம் போட்டுக் கிளறினால் நன்றாக இருக்கும்.